தலைவர்கள் தங்காத வீடுகள்

பிறர் பெருமைக்கு ஆதாரம் கேட்பதையே தொழிலாகக் கொண்டவனுக்கு முதல் தடவை போனால் காபி கிடைக்கும். இரண்டாம் தடவை தண்ணீர்கூடக் கிடைக்காது. தற்காலிக எழுத்தராக நாட்களை எண்ணிய அன்பர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சுதந்திர வெள்ளிவிழா வருடத்தில் தூத்துக்குடியில் வெள்ளைக்காரன் காலத்து அரசு அலுவலகம் ஒன்றில் என்னை மூன்று மாதத்துக்கு எடுத்தார்கள். சுற்றுவட்டாரத்தில் விடுதலைப் போராட்டத்தோடு தொடர்புள்ள கட்டடங்களைப் பட்டியலிட வேண்டும். பத்து இடம் தேறினால் வேலை நீட்டிப்பு. உப்பளக் கூலி வீட்டில் முதல் பி.ஏ. நான். எங்கள் ஊர் முத்தையாபுரத்தில் பஸ் ஏறும்போதெல்லாம் மனசு 'பத்து, பத்து' என்று அடித்துக்கொள்ளும்.

கயிறு

கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி மளிகைக் கடை வைத்திருந்த அண்ணாச்சி, வாசலில் இருந்த கல்தூணைக் காட்டினார். சுதேசிக் கப்பலை இதில்தான் கட்டினார்களாம். நான் போனபோது அதில் ஓர் ஆடு கட்டியிருந்தது.

"அந்தக் காலத்துல கப்பல் கரைக்கே வராதே அண்ணாச்சி. ஆழம் பத்தாம மைல் கணக்குல தள்ளி நிக்கும். தோணியில போயில்லா ஏறுவாங்க?" என்றேன் பயந்துகொண்டே.

அவர் துவரம்பருப்பை நிறுத்து முடித்துவிட்டுச் சொன்னார்: "கயிறு நீளமா இருந்திருக்கும் தம்பி."

மூன்று நாள் விருந்தாளி

விளாத்திகுளத்தில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், போலீஸ் தேடிய தலைவர் மூன்று நாள் ஒளிந்திருந்த அறையைக் காட்டினார். தலைவர் படுத்த கட்டில், தலைவர் குடித்த சொம்பு. சொம்பில் தலைமையாசிரியரின் மகள் கல்யாணத்துக்கு அதைக் கொடுத்தவர் பெயர் பொறித்திருந்தது. சொம்பை விட்டுவிட்டுக் கட்டிலை மட்டும் எழுதிக்கொண்டேன். இப்படியே தூணையும் சேர்த்துப் பத்து தேறியது. ஒவ்வொன்றின் பின்னாலும் 'என்று கூறப்படுகிறது' என்று போட்டேன். என் மனசாட்சிக்கு அவ்வளவுதான் முடிந்தது.

அப்புறம் சென்னையிலிருந்து படிவம் வந்தது. ஏழாவது கலத்தில் ஒரு வரி: 'இக்கட்டடத்தை அரசு அனுமதியின்றி இடிக்கவோ மாற்றவோ கூடாது.' அதன் கீழே உரிமையாளர் கையெழுத்து. ஒரே வாரத்தில் எட்டு இடம் போயிற்று; மிச்சம் தூணும் கட்டில் அறையும்தான். கடை அண்ணாச்சி ஆட்டை அவிழ்த்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். தலைமையாசிரியர் மாடி கட்டச் செங்கல் இறக்கியிருந்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஏழாவது கலத்தை இரண்டு தடவை படித்தார்.

"தலைவர் தங்கினது எதிர்த்த வீடு தம்பி. நான் அங்கன போய் அவரைப் பார்த்துட்டு வந்தேன்."

மூச்சு

பட்டியல் காலி, இரண்டு வாரம்தான் பாக்கி. கரையில் தோணி நிழலில் உட்கார்ந்திருந்த சங்கு குளிப்பவர் ஒருவரிடம், "உங்க வீட்டில் யாராவது போராட்டத்துல..." என்று இழுத்தேன். தன் வீடு ஓலைக் குடிசை, போன மழையோடு அதுவும் போயிற்று என்றார். பிறகு அவராகவே சொன்னார்:

"எங்கப்பா தோணியில வெள்ளைக்காரனுக்கு எதிரான நோட்டீஸ் இருந்துச்சுன்னு பிடிச்சு, உங்க ஆபீசுக்குப் பின்னால உள்ள ரூமுல அஞ்சு நாளு அடைச்சு வச்சானுவ. பதினாறு பேரு, ஒரு சன்னல் கெடையாது. தண்ணிக்குள்ள மூச்சடக்கிப் பழகுனவன், அதான் பொழச்சேன்னு சொல்லுவாரு."

பின்கட்டு

அலுவலகப் பழைய பதிவேடுகளைத் தூசி தட்டினேன். அந்த அறை, ஐந்து நாள், பதினாறு பெயர், அதில் சங்கு குளிப்பவரின் அப்பா பெயர், கீழே வெள்ளைக்கார அதிகாரியின் கையெழுத்து. 'என்று கூறப்படுகிறது' இல்லாமல் முதன்முதலாக ஒரு வரி எழுதினேன். அரசுக் கட்டடம் என்பதால் சரிபார்த்தவன் கையெழுத்தே போதும். போட்டுவிட்டு எங்கள் அதிகாரியிடம் நீட்டினேன். பாராட்டுவார் என்று நினைத்தேன்.

ஏழாவது கலத்துக்கு வந்ததும் அவர் பேனாவை மூடினார். அந்த அறையை இடித்துவிட்டு ஜீப்புக்குக் கொட்டகை போட ஏற்பாடு செய்திருந்தாராம்.

"அந்த வரியை அடிச்சுட்டு வா, நீட்டிப்புக்கு எழுதுதேன். ஏம்ப்பா, அடைச்சு வச்சது எதிர்த்த ஆபீஸா இருக்கக் கூடாதா?"

அடிக்காமலே படிவத்தைச் சென்னைக்குத் தபாலில் சேர்த்துவிட்டதால், இன்றும் அவர் ஜீப் வெயிலில் நிற்கிறது, நான் வேலைவாய்ப்பு அலுவலக வரிசையில் நிற்கிறேன்.