சுவர்ப்பக்கக் கதவு

என் மாமனார் அன்று மனதாரத்தான் சம்மதித்தாரா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

கண்டி மழையில் குழந்தையின் துணிகள் காயவே இல்லை. கொடி கட்ட எங்கள் சின்னக் கராஜை விட்டால் இடமில்லை. அதை மாமாவின் ஓடாத கார் அடைத்து நின்றது. மாலையில் அதற்குள் உட்கார்ந்துதான் அவர் பேப்பர் வாசிப்பார்.

“மாமா, காரைச் சுவரோட ஒட்டி வச்சிக்கவா?” என்று கேட்டபோது உள்ளே குழந்தை வீறிட்டான்.

“வச்சிக்கங்கம்மா. பேரனே ஹோர்ன் அடிக்கிறான், வழிவிடாம முடியுமா?”

கணவர் ஜாக்கியில் தூக்கித் தூக்கிக் கொடுக்க, நான் பக்கவாட்டில் தள்ளினேன். திறக்கக்கூடிய ஒரே கதவு சுவர்ப்பக்கம் இருந்ததை யோசிக்கவில்லை.

இப்போது மாமா விறாந்தைக் கதிரையில் உட்கார்ந்து பேப்பர் வாசிக்கிறார். கேட்டால், “இங்க வெளிச்சம் நல்லாருக்கும்மா” என்கிறார்.

பழையபடி நகர்த்தினால் கொடிக்கு இடமில்லை. அவரைக் கேட்காமலே நகர்த்தவா, குழந்தை கொஞ்சம் வளரும்வரை விடவா? நீங்கள் என்ன செய்வீர்கள் என்று எழுதுங்களேன்.