பாப்பாவின் துணிகள்

டயப்பர் வேண்டாம் என்று முடிவெடுத்தது நான்தான். செஞ்சியில் பம்ப்செட் மோட்டார்களுக்குச் செம்புக் கம்பியால் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். கடைக்குப் போகும் வழியில் ஏரிக்கரை. யாரோ வீசிவிட்டுப் போன டயப்பர்களை நாய்கள் அங்கே இழுத்துக் கிழித்துப் போட்டிருக்கும். மழை பெய்தால் அவை தலையணை மாதிரி உப்பி மிதக்கும். அந்தத் தண்ணீர்தான் கீழே நெல்லுக்குப் பாய்கிறது. எங்களுக்கு மகள் பிறந்தபோது, அவளுடையது ஒன்றுகூட அங்கே போய்ச் சேரக் கூடாது என்று நினைத்தேன்.

பிரசவத்துக்குத் தளவானூரில் தாய்வீட்டுக்குப் போயிருந்த மனைவி ஐந்தாம் மாதம் குழந்தையோடு வந்தாள். பழைய வேட்டிகளைக் கிழித்து மடித்து அடுக்கி வைத்திருந்தேன். அவள் தொட்டுப் பார்த்து, "நல்லாத்தான் இருக்குது" என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம், "எங்க வூட்ல டயப்பரே கெடையாது" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஜன்னல் கம்பியில், நாற்காலி முதுகில், எங்கே பார்த்தாலும் காயாத துணி. ஒரு மதியம் சாப்பிட வந்தபோது, குழந்தை அழ அழ, அவள் ஈரத்துணியை இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துக் காயவைத்துக்கொண்டிருந்தாள். சோறு போட நீண்ட கையைப் பார்த்தேன். விரலிடுக்குகள் வெளுத்து வெடித்திருந்தன.

"கையில இன்னா?"

"சோப்புத் தண்ணி." குழம்பை ஊற்றிக்கொண்டே, "டயப்பர் வேணாம்னு சொன்னீங்க. தொவைக்கறது யாருன்னு சொல்லவே இல்லியே" என்றாள்.

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். சாதாரணமாகத்தான் சொன்னாள்.

அன்று மதியத்துக்குமேல் கடை திறக்கவில்லை. பக்கெட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். எல்லாத் துணியையும் ஒன்றாகக் கொட்டி ஊறவைத்தேன். தண்ணீர் மொத்தமும் மஞ்சளாகிவிட்டது. பின்னாலேயே வந்து பார்த்த அவள், பல நாள் கழித்து வாய்விட்டுச் சிரித்தாள். "ஆய் துணிய மொதல்ல தனியா அலசணுங்க."

அதன்பிறகு தினமும் காலையில் துவைத்துப் போட்டுவிட்டுத்தான் கடைக்குப் போவேன். பக்கத்து மாடியிலிருந்து ஒரு அக்கா எட்டிப் பார்த்தார்.

"இன்னா தம்பி, அவளுக்கு ஒடம்பு சரியில்லியா?"

"நல்லா இருக்காக்கா. என் பொண்ணு துணி, நான் தொவைக்கறேன்."

கேலி செய்வார் என்று காத்திருந்தேன். அவர் மேற்கே கையைக் காட்டினார். "ராஜகிரி மலை கண்ணுக்கே தெரியல பாரு. மழை வந்துடும். சீக்கிரம் எடுத்துனு போ."

மனைவியின் அண்ணன் குழந்தைக்குக் காதுகுத்து வந்தது. பஸ்ஸில் போக வேண்டும். அவள் பையில் துணிகளைத் திணித்துக்கொண்டிருந்தாள். நானே மெடிக்கலுக்குப் போய்ச் சின்ன டயப்பர் பாக்கெட் ஒன்று வாங்கி வந்து அவளிடம் நீட்டினேன்.

"இன்னாங்க இது?"

"வெளிய போறப்ப. அப்புறம் அடமழைல."

"அப்ப ஏரி?"

"பேப்பர்ல சுத்தி குப்பை வண்டில போட்டுடலாம். ஏரிக்குப் போவாது."

"வண்டி எங்க போவுதுனு தெரியுமா?"

தெரியாது. அதையே சொன்னேன். அவள் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "சரி. வூட்ல இருக்கறப்ப துணி, வெளிய போனா இது. தொவைக்கறது ஒரு நாள் நீங்க, ஒரு நாள் நானு." கடைசியில் எங்கள் வீட்டில் நிலைத்தது அவள் போட்ட அந்தத் திட்டம்தான். அந்த ஒரு பாக்கெட் மூன்று மாதம் வந்தது.

மகளுக்கு இப்போது இரண்டு வயது. "நைனா, மூச்சா" என்று என்னைக் கூப்பிடப் பழகிவிட்டாள். தரையெல்லாம் ஈரமான பிறகுதான் கூப்பிடுகிறாள். சொல்லிவிட்டோம் என்ற சந்தோஷத்தில் அந்த ஈரத்திலேயே நின்று கை தட்டுகிறாள்.