ஏழு பயின் பிள்ளைகள்

நேசபாய் மரக்கன்றைக் கன்று என்று சொல்லமாட்டாள், பிள்ளை என்பாள். தென்னைக்கு எல்லோரும் சொல்வதுதான். அவளோ காட்டு மரத்துக்கும் அதையே சொன்னாள். கீரிப்பாறைக்கு மேலே, ரப்பர் தோட்டம் முடிந்து காடு தொடங்கும் இடத்தில், பெரிய வெள்ளைப்பயின் மரம் ஒன்றைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள். அதற்குள் முளைப்பவற்றை வாரம் ஒருமுறை எண்ணி நோட்டில் எழுதுவது 2006 முதல் அவள் வேலை. நாகர்கோவில் கல்லூரிக்காரர்கள் கொடுத்தது.

எஸ்டேட் பஸ்ஸில் ரப்பர் பால்வெட்டுக்குப் போகும் பேபி சும்மா விடமாட்டாள். "ஏட்டி, இண்ணைக்கு எத்தன பிள்ளை? வீட்டுல ஒண்ணுக்கும் வழியில்ல, காட்டுல பேறுகாலம் பாக்கப் போறா!"

"ஒனக்க நாலு பிள்ளையளையும் மேய்க்கதவிட எனக்க காடு எவ்வளவோ கொள்ளாம்ட்டீ" என்று நேசபாயும் சிரிப்பாள். இறங்கியதும் சிரிப்பு நின்றுவிடும்.

பயின் விதை ஆனி மழையோடு உதிரும். ஈரம் கிடைக்காவிட்டால் சில நாளில் செத்துவிடும். முளைத்தாலும் மாசி வெயிலில் கருகும். வெயிலும் வருடத்துக்கு வருடம் ஏறிக்கொண்டிருந்தது. ஒன்பது வருடத்தில் ஒரு பிள்ளைகூட அவள் முழங்காலைத் தொடவில்லை. மலையில் இன்னும் மேலே, குளிர்ச்சியில், அதே கல்லூரிக்காக ஜெயசிங் எண்ணும் இடத்தில் இடுப்பளவு நிற்பதாகக் கேள்வி. மூட்டுவலிக்காரியான அவளுக்கு அந்த ஏற்றம் ஆகாது. தன் கண்முன்னால் ஒன்றே ஒன்று வளர்ந்தால் போதும் என்று ஜெபத்தில்கூடக் கேட்டிருக்கிறாள்.

2015 மாசியில் ஏழு மிச்சமிருந்தன. இலை சுருண்டதைப் பார்த்து, குடிக்க வைத்திருந்த தண்ணீரை ஊற்றினாள். மறுநாள் ஓடையிலிருந்து ஒரு குடம். பிறகு வேலை இல்லாத நாளிலும் பஸ் ஏறினாள்.

பங்குனிக் கடைசியில் கல்லூரியிலிருந்து இந்துஜா வந்தாள். மண்டியிட்டு ஏழு பிள்ளைகளையும் அளந்தாள்.

"அக்கா, ஏழும் உசிரோட! கோடைமழை ஒரு துளி இல்ல, பாத்தியளா? அப்ப கீழயே பிழைக்கும். இந்த ஆனிக்கு விதைய மேல கொண்டுபோகலாம்ணு இருந்தோம். இனி வேண்டாம், இங்கயே கெடக்கட்டு."

நேசபாய்க்கு முதலில் வாயெல்லாம் பல். பிறகு மரத்தை அண்ணாந்து பார்த்தாள். நூற்றுக்கணக்கில் காய். அத்தனையும் இங்கே விழுந்தால் எத்தனைக்குத்தான் குடம் சுமப்பாள்?

"மக்கா, நான் தண்ணி விட்டேன்."

"எப்பவாச்சுமா?"

"நித்தமும்."

இந்துஜாவின் பேனா நின்றது. "எண்ணச் சொன்னா வளத்துட்டியளே! தண்ணி விடாம நிக்குமாண்ணு பாக்கத்தானே இந்தக் கயிறு?"

"வாடுனா பாத்துட்டு நிக்க முடியல்ல, மக்கா."

இந்துஜா நோட்டில் ஏழு என்பதை அடித்துவிட்டுப் பூஜ்யம் போட்டாள். நோட்டை மூடி, "இதுவ இனி கணக்குல இல்ல. ஊத்தணும்ணா ஊத்துங்க. விதை மேல போவட்டு" என்றாள்.

அந்த ஆனியில் மழை பத்து நாள் பிந்தியது. காய்ந்த மண்ணில் விதை உதிர உதிர நேசபாய் பொறுக்கினாள். ஒன்றையாவது இங்கே விட்டுவைக்க ஆசையாகத்தான் இருந்தது. விடவில்லை. எல்லாவற்றையும் நனைத்த சாக்கில் பொதிந்து, வாங்கிப்போக வந்த ஜெயசிங்கின் தோளில் ஏற்றினாள்.

"அண்ணே, வெயிலடிக்க சரிவுல வச்சிராண்டாம்."

"எனக்குத் தெரியாதா?"

"எப்பிடி வருதுண்ணு வந்து சொல்லணும்."

"சொல்லுதேன், பொறு."

சாக்கு மரங்களுக்குள் மறைந்த பிறகும் அவள் அந்தப் பாதையையே பார்த்து நின்றாள். மேலே மழை பெய்கிறதா என்று இங்கிருந்து தெரியவில்லை.