அம்பாள் திறக்காத சிவப்புப் பூட்டு

அம்பாளை நம்பும் என் சொந்தங்களே, வேண்டியது நடக்காமல் போனதற்கு யாராவது நன்றி சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

என் பெயர் கஸ்தூரி, பம்மலில் இருக்கிறேன். பதினோரு வருடம் ஒரு தொழிற்சாலையில் பிஸ்கட் பாக்கெட்டுகளை அட்டைப்பெட்டியில் அடுக்கினேன். பிறகு அந்த வேலைக்கு இயந்திரம் வந்தது. "பராமரிப்புப் பயிற்சியில் தேறினால் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலை. தேறாவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்" என்றார்கள். என் வேலையைப் பிடுங்கிய மெஷினுக்கு நானே ஆயா! வீட்டில் மிக்ஸி நின்றால் அதன் தலையில் தட்டுவேன். அதுவரை நான் அறிந்த பராமரிப்பு அவ்வளவுதான். வீட்டுக்காரருக்கு முதுகுவலி, வேலைக்குப் போக முடியாது. என் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது.

தாம்பரத்தில் ஆறு மாதப் பயிற்சி. முதல் வாரம் முழுக்க அழுதேன். கூடவே சேர்ந்த மாலா அக்காவும் பாக்கிங்கில் இருந்தவர்தான். "அழுவாத. மெஷின் இன்னா உன் மாமியாரா? நீ தப்பு பண்ணா ஊரெல்லாம் சொல்லிகினா திரியப் போவுது?" என்று தேற்றுவார். பயிற்சி தரும் சார் வேறு ரகம். "உனக்கு ரெண்டு கைதான் இருக்குன்னு உனக்குத் தெரியும்மா. மெஷினுக்குத் தெரியாது" என்று தினமும் பயமுறுத்துவார்.

அந்தக் கைகளுக்காகத்தான் பூட்டு. ஆளுக்கு ஒரு சிவப்புப் பூட்டு, அதற்கு ஒரே சாவி. வேலையைத் தொடங்கும் முன் மெயின் சுவிட்சை அணைத்து, அதில் நம் பூட்டைப் போட வேண்டும். வேலை முடிந்ததும் நாமே திறக்க வேண்டும். அதுவரை வேறு யாரும் மெஷினை ஓட்ட முடியாது. நான் மறதிக்காரி. அதனால் சாவியில் ஓர் அட்டையைக் கட்டி, அதில் என் பெயரையும் போன் நம்பரையும் எழுதியிருந்தேன்.

இறுதித் தேர்வு ஓர் ஆடி வெள்ளியன்று வந்தது. விடிந்ததும் மாடம்பாக்கம் சிவன் கோயிலுக்கு ஓடினேன். அர்ச்சனைத் தட்டில் என் சாவியை வைத்து, "அம்பாள் பாதத்துல வச்சுக் குடுங்க சாமி" என்றேன். நல்ல கூட்டம். குருக்கள் நாலைந்து பேருடைய தட்டுகளை ஒன்றாக உள்ளே கொண்டு போனார். திரும்பி வந்து பூ, குங்குமத்தோடு சாவியையும் தாளில் மடித்துக் கொடுத்தார். தேர்வு முடியும்வரை அதைப் பிரிக்கக் கூடாது என்று நானாகவே ஒரு சாஸ்திரம் வைத்துக்கொண்டேன். "அம்மா, பூட்டைத் திறந்து பச்சைப் பட்டனை அமுக்கினதும் மெஷின் ஓடணும். வேறொண்ணும் கேக்கல."

தேர்வில் எனக்கு வந்தது, பாக்கெட்டுகளை நகர்த்திச் செல்லும் ஒரு கன்வேயர். தேய்ந்த பெல்ட்டைக் கழற்றிப் புதியதை மாட்ட வேண்டும். சுவிட்சை அணைத்துப் பூட்டை அழுத்தினேன். எங்கள் பூட்டு அழுத்தினாலே பூட்டிக்கொள்ளும். பெல்ட்டை மாட்டினேன், அதன்மேல் கம்பிவலை மூடியையும் போட்டு முடுக்கினேன்.

"திறந்து ஓட்டும்மா" என்றார் சார்.

பொட்டலத்தைப் பிரித்தேன். பூ, குங்குமம், கூடவே புத்தம்புது ஸ்கூட்டர் சாவி!

தன் முறைக்காகக் கன்வேயரின் பின்பக்கம் நின்றிருந்த மாலா அக்கா எட்டிப் பார்த்தார். "இன்னாடி இது? பாஸ் பண்ணி வைன்னு கேட்டா அம்மன் வண்டியே குடுத்துட்டாளா?"

எல்லோரும் சிரித்தார்கள், சாரைத் தவிர. "அரை மணி நேரம் தரேன். பூட்டை வெட்டித்தான் எடுக்கணும்னா நீ ஃபெயில்" என்றார்.

பதினோரு வருட வேலை ஒரு ஸ்கூட்டர் சாவியில் போய்விட்டதே! பயம் வந்தால் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். கையைக் கூப்பி, பிரகாரம் சுற்றுவதுபோல் கன்வேயரைச் சுற்ற ஆரம்பித்தேன்.

"என்னம்மா பண்ற?"

"மூணு சுத்து சார்."

"மெஷினையா?"

"வுடுங்க சார்" என்றார் மாலா அக்கா. "தேங்கா ஒடைக்காத வரிக்கும் சந்தோசப்படுங்க."

மூன்றாவது சுற்றில், பின்பக்கம் வலைக்குள் ஏதோ மின்னியது. குனிந்து பார்த்தேன். என் ஸ்பானர்! பெல்ட்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் நான் மறந்து வைத்தது. மெஷின் ஓடியிருந்தால் அது வலையைப் பிய்த்துக்கொண்டு பறந்திருக்கும். அதற்கு நேர் எதிரேதான் மாலா அக்கா நின்றிருந்தார்.

சொன்னால் மார்க் போகும். சொன்னேன். "சார், என் ஸ்பானர் உள்ள இருக்கு."

பூட்டு தொங்கிக்கொண்டிருந்ததால் மூடியைக் கழற்றி, தைரியமாகக் கையை உள்ளே விட்டு எடுத்தேன், மூடியைத் திரும்ப முடுக்கினேன்.

அப்போது, தேர்வுக்கு முன் சார் வாங்கி மேஜை டிராயரில் வைத்திருந்த என் போன் அடித்தது. சார் ஸ்பீக்கரில் போட்டார்.

"கஸ்தூரி அக்காவா? உங்க சாவி என்னாண்ட கீதுக்கா! காலைலேர்ந்து குத்திப் பாக்கறேன், வண்டிக்குள்ள போவவே மாட்டேங்குது. இப்பத்தான் அட்டையப் பாத்தேன்."

அரை மணி முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது ஆட்டோவில் வந்து இறங்கினார், புது வண்டிக்குப் பூஜை போட வந்து சாவி மாறிப்போன அந்த ஸ்கூட்டர்காரர், நெற்றி நிறையச் சந்தனத்தோடு. "கோயில் வாசல்ல மாலையும் கழுத்துமா நிக்குது என் வண்டி. போறவங்க வர்றவங்க அதுக்கும் ஒரு கும்பிடு போட்டுகினு போறாங்கக்கா!" என்றார். சாவிகள் கை மாறின. பூட்டு திறந்தது. மெஷின் ஓடியது.

"ஸ்பானரை விட்டதுக்கு மார்க் குறைச்சுட்டேன். பூட்டு சரியா போட்டதுக்கும், மறைக்காம சொன்னதுக்கும் பாஸ்" என்றார் சார். "இனிமே அந்தச் சுத்தை, சாவியை எடுக்கறதுக்கு முன்னாடியே சுத்திடும்மா."

சுற்றுகிறேன். இன்று அதே தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறேன். வேலை முடிந்ததும் மெஷினை ஒரு முறை சுற்றி வந்த பிறகே சாவியைத் தொடுகிறேன். மாலா அக்காவும் தேறிவிட்டார். என்னைக் கேலி செய்துகொண்டே அவரும் சுற்றுகிறார்.

'திற, திற' என்று நான் கெஞ்சிய அந்த அரை மணி நேரமும் அம்பாள் அந்தப் பூட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தாள். சொந்தங்களே, நீங்கள் கேட்டதும் திறக்கவில்லையா? கோபித்துக்கொள்ளாதீர்கள். அவளை நம்பி ஒரு சுற்று வாருங்கள். எதற்காகப் பிடித்திருக்கிறாள் என்பது பின்பக்கம் போனால்தான் தெரியும்.

சாவியை மட்டும் தட்டில் வைக்காதீர்கள். அவளிடம் பத்திரமாகத்தான் இருக்கும். நடுவில் கூட்டம் இருக்கிறதே!