ஏகாதசி விரதமிருந்த தொட்டி

பிள்ளையார்பாளையம் குமாரசாமிக்குத் 'தெரியாது' என்ற சொல் வாயில் வராது. எல்லாம் தெரிந்தவர் என்பதால் இல்லை. கேட்டவரை வெறுங்கையோடு அனுப்புவது மரியாதைக் குறைவு என்று நினைப்பவர். கூரத்துக்கு வழி கேட்ட ஒரு குடும்பத்தை வேறு திசையில் போகும் ஐயம்பேட்டை ஷேர் ஆட்டோவில் ஏற்றிவிட்டு, வண்டி மறையும்வரை கையசைத்துக்கொண்டு நின்றவர் அவர். கோயில் வாசலில் ஒரு வெளிநாட்டுக்காரர் நந்தியைக் காட்டி, இது என்ன வகை மாடு என்று கேட்டதற்கு, "காங்கேயம்" என்று பட்டென்று சொன்னார். அந்த மனுஷனும் நன்றி சொல்லிவிட்டுப் போனான்.

சாயப்பட்டறைகளுக்குச் சோப்புக் கட்டி விற்பதுதான் அவருடைய தொழில். புழு நூற்ற பட்டில் ஒரு பசை ஒட்டிக்கொண்டிருக்கும். அது போனால்தான் நூல் மிருதுவாகும், மினுங்கும், சாயம் பிடிக்கும். அதற்காகச் சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்கக் கொதிக்க அவிப்பார்கள். சோப்புக் கம்பெனியை மூடியபோது குமாரசாமிக்கு ஐம்பது தாண்டியிருந்தது. அப்போதுதான் அகிலா அவரைத் தேடி வந்தாள்.

அகிலா நுண்ணுயிரியல் படித்தவள். ஏனாத்தூர் பக்கத்தில் ஒரு பழைய குடோனை வாடகைக்கு எடுத்து, ஆள் உயரத்துக்கு ஓர் எவர்சில்வர் தொட்டி வைத்திருந்தாள். அதில் குழாய்கள், மீட்டர்கள், உள்ளே எதையோ சுற்றிக்கொண்டிருக்கும் மோட்டார்.

"அண்ணா, மண்ணுல சாதாரணமா இருக்கிற பாக்டீரியாதான் இது. அதுக்குள்ள நாங்க வேற ஒரு ஜீனை வெச்சிருக்கோம். அதனால அது ஒரு என்சைமை வெளிய விடும். அந்த என்சைம் பட்டுல இருக்கிற பசையை மட்டும் கரைக்கும், பட்டைத் தொடாது. பாக்டீரியாவை வடிகட்டிட்டு என்சைமை மட்டும் கேன்ல பிடிச்சுடுவோம். நீங்க அதை வித்துக் குடுக்கணும்."

"உள்ள எவ்ளோ பேரு இருப்பாங்கமா?"

"ஒரு சொட்டுக்கே கோடிக்கணக்குல இருக்கும்."

குமாரசாமி தொட்டியைப் பயபக்தியோடு பார்த்தார். அவருக்குப் புரிந்தது இவ்வளவுதான்: உள்ளே ஏகப்பட்ட பேர் ராப்பகலாக வேலை செய்கிறார்கள், சம்பளம் கிடையாது, சாப்பாடு மட்டும்தான். "புரிஞ்சுதுமா" என்று சொல்லி முதல் கேனைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்.

ஐயம்பேட்டையில் சாயப்பட்டறை வைத்திருந்த காசிநாதன் முதலில் வாசலோடு திருப்பி அனுப்பப் பார்த்தார். "இன்னாபா குமாரசாமி, நேத்து வரைக்கும் சோப்பு வித்துக்கினு இருந்த. இன்னிக்குக் கிருமியக் கொண்டாந்து பட்டுல வுடச் சொல்றியே?"

"ஒரு பிடி நூல்ல போட்டுப் பாருபா. புடிக்கலன்னா என்னையும் சேர்த்து வெளிய ஊத்திடு."

போட்டார்கள். கொதிக்கவே வைக்கவில்லை, குளிக்கிற சூட்டைவிடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். எடுத்து அலசியபோது நூல் வெள்ளை வெளேரென்று வந்தது. காசிநாதன் அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார், அப்புறம் மறு கன்னத்திலும். அன்றைக்கே நாலு கேன் சொல்லிவிட்டார்.

அந்தச் சமயம் அவர் பட்டறையில் ஒரு பெரிய வேலை இருந்தது. சின்னக் காஞ்சிபுரத்துப் பக்தர்கள் சிலர் சேர்ந்து பெருமாளுக்கு வஸ்திரம் நெய்யக் கொடுத்திருந்தார்கள். பொறுப்பு சக்ரவர்த்தி சுவாமியுடையது. ரிடையரான கணக்கு வாத்தியார், ஆசாரத்தில் அரை இம்மி விடமாட்டார். பட்டு எதில் அலசப்படுகிறது என்று அவர் கேட்டார். காசிநாதன் உண்மையைச் சொன்னார். மறுநாள் சுவாமியிடமிருந்து குமாரசாமிக்கு அழைப்பு வந்தது.

"கிருமின்னு சொல்றாரே. அது என்ன ஆகாரம் சாப்பிடறது?"

"சோயா மாவு, சர்க்கரைத் தண்ணி. சுத்த சைவம் சாமி."

சக்ரவர்த்தியின் முகம் சுருங்கியது. "சைவமா? பெருமாள் வஸ்திரமாச்சே!"

குமாரசாமி ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. "இல்ல சாமி, சாப்பாட்டுல மட்டும்தான் சைவம். மத்தபடி வைஷ்ணவம்."

"வெங்காயம், பூண்டு?"

"வாசனையே ஆகாது."

"ஏகாதசி?"

"பட்டினிதான் சாமி. சொட்டுத் தண்ணி இறங்காது."

சக்ரவர்த்தி நிமிர்ந்து உட்கார்ந்தார். ஏகாதசியன்று மனிதர்களே பஜ்ஜிக் கடையில் நிற்கும் காலத்தில் ஒரு கிருமி உபவாசம் இருக்கிறது என்ற செய்தி அவரை உலுக்கிவிட்டது. "வர ஏகாதசிக்கு நானே வந்து சேவிக்கறேன்" என்றார். 'பார்க்கிறேன்' என்று சொல்லியிருந்தால்கூடக் குமாரசாமி ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பார்.

விஷயத்தைக் கேட்டதும் அகிலா தலையில் கை வைத்துக்கொண்டாள். "அண்ணா, இது ஓடிட்டு இருக்கிற பேட்ச். சர்க்கரைத் தண்ணி சொட்டு சொட்டா உள்ள போய்க்கிட்டே இருக்கணும். பட்டினி போட்டா எல்லாம் வீணாப் போயிடும்."

"அவரு வர்ற நேரம் மட்டும் ஒரு மணி நேரம் நிறுத்துமா. ஒரு மணி நேரத்துல யாரு செத்துட்டாங்க?"

வேறு வழியில்லை. அந்த ஆர்டர் கைவிட்டுப் போனால் ஐயம்பேட்டை முழுக்கச் செய்தி பரவிவிடும். அகிலா ஒத்துக்கொண்டாள்.

ஏகாதசியன்று காலை சக்ரவர்த்தி பாய் ஒன்றைக் கையில் சுருட்டிக்கொண்டு வந்தார். பாயைப் பார்த்ததுமே குமாரசாமிக்குப் புரிந்துவிட்டது. தொட்டிக்கு எதிரில் விரித்து உட்கார்ந்து சகஸ்ரநாமம் ஆரம்பித்தார். ஒரு மணி நேரம் போயிற்று. அவர் எழுந்திருக்கவில்லை, இரண்டாவது ஆவர்த்தி தொடங்கினார்.

திடீரென்று தொட்டி 'பீப் பீப்' என்று அலறியது. உள்ளே சர்க்கரை தீர்ந்தால் கிருமிகள் மூச்சுவாங்குவதும் குறையும். காற்று மிஞ்சிப்போய் மணி அடிக்கும். அகிலா ஓடி வந்து அணைத்தாள். கொஞ்ச நேரத்தில் மறுபடி அடித்தது.

சக்ரவர்த்தி பாராயணத்தை நிறுத்திவிட்டுத் தொட்டியைக் கனிவோடு பார்த்தார். "பசிக்கறதா? பொறுத்துக்கோ. நாளைக்குப் பாரணை, அப்போ சாப்பிடலாம்" என்றார்.

'நாளைக்கு' என்ற சொல்லைக் கேட்டதும் அகிலா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். சாயங்காலம் கிளம்பும்போது அவர் சர்க்கரைத் தண்ணீர் போகும் குழாயில் ஒரு மஞ்சள் கயிற்றைச் சுற்றி முடிபோட்டார். "நான் வந்து அவிழ்க்கறேன். அதுவரைக்கும் யாரும் தொடவேண்டாம்" என்று சொல்லிவிட்டு, குமாரசாமியின் பக்கம் திரும்பினார். "நீங்களும் உபவாசம்தானே?"

"ஆமாங்க சாமி" என்றார், காலையில் நாலு இட்லியும் மதியம் முழுச் சாப்பாடும் சாப்பிட்டிருந்த குமாரசாமி.

அவர் போனதும் அகிலா கத்தரிக்கோலை எடுத்தாள், கயிற்றுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள், திரும்ப மேஜைமேல் வைத்தாள். "நாளைக்கு அவர் முடிச்சைப் பார்ப்பார், இல்ல?"

"கணக்கு வாத்தியார்மா. சுத்தைக்கூட எண்ணி வெச்சிருப்பாரு."

மறுநாள் துவாதசி. சக்ரவர்த்தி அகத்திக்கீரையும் நெல்லிக்காய்த் துவையலும் தூக்குவாளியில் கொண்டுவந்தார். அதில் ஒரு கரண்டியாவது தொட்டிக்குள் விடவேண்டும் என்றார். அகிலாவுக்கு முகம் வெளுத்தது. வெளியிலிருந்து ஒரு துளி போனாலும் வேறு கிருமிகள் உள்ளே புகுந்து குடித்தனம் நடத்த ஆரம்பித்துவிடும்.

குமாரசாமி குறுக்கே வந்தார். "பிறத்தியார் கையால சாப்பிடாதுங்க சாமி. அவ்ளோ மடி."

இந்தப் பதிலில் சக்ரவர்த்திக்கு ஏற்பட்ட திருப்திக்கு அளவே இல்லை. முடிச்சை அவிழ்த்தார், சர்க்கரைத் தண்ணீர் சொட்டுவதைக் கண்ணாரப் பார்த்தார், கீரையைக் குமாரசாமியிடம் கொடுத்துவிட்டுப் போனார். குமாரசாமி அதை நின்றபடியே சாப்பிட்டு முடித்தார்.

வீணாய்ப் போன பேட்ச்சைக் கொட்டுவதற்கு முன்னால், எவ்வளவு வீணாயிற்று என்று தெரிந்துகொள்ள அகிலா அதில் கொஞ்சம் எடுத்துச் சோதித்தாள். கருவி தப்பாகக் காட்டுகிறது என்று நினைத்து இன்னொரு முறை சோதித்தாள். வழக்கத்தைவிட இரண்டு மடங்குக்கு மேல் என்சைம் இருந்தது.

"என்னமா ஆச்சு?"

"பசி வந்தா இந்த பாக்டீரியா சுத்தி இருக்கிறதையெல்லாம் கரைச்சுத் தின்னப் பார்க்கும்ணா. அதுக்குத்தான் என்சைமை வெளிய விடும். நான் வெச்ச ஜீனோட ஸ்விட்ச்சும் அந்தப் பசியிலதான் ஆன் ஆகுது. எனக்குத் தெரியும். ஆனா இவ்ளோ நேரம் பட்டினி போட தைரியம் வரல. செத்துடுமோன்னு இத்தனை மாசமா ஊட்டி ஊட்டி வளர்த்திருக்கேன்." சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று சிரித்தாள். சிரிப்பை நிறுத்த அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

அதற்குப் பிறகு குடோனில் மீட்டருக்குப் பக்கத்தில் ஒரு பஞ்சாங்கக் காலண்டர் தொங்கியது. ஏகாதசிக்குப் பட்டினி வரும்படி கணக்குப் பண்ணித்தான் அகிலா கிருமியை விதைப்பாள். நடுவில் ஒரு நாள் வேறு தேதியில் பட்டினி போட்டுப் பார்த்தாள். அதே அளவுதான் வந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

செய்தி ஐயம்பேட்டைக்குப் போனதும் காசிநாதன் கோபமாக வந்தார். "இன்னாபா இது? நாங்கல்லாம் சிவன் கோயில் ஆளுங்க. எங்க பட்டைப் போய் ஏகாதசி பார்க்கிற கிருமி தொடலாமா?"

"அதுக்குத்தான்பா ரெண்டாவது தொட்டி வருது. அது பிரதோஷத் தொட்டி" என்றார் குமாரசாமி. அப்படி ஒரு தொட்டி வருவது அகிலாவுக்கு அன்று மத்தியானம்தான் தெரிந்தது. ஆர்டர் கூடியிருந்ததால் எப்படியும் அவள் ஒன்று வாங்கத்தான் வேண்டியிருந்தது. ஆனால் பிரதோஷ விரதம் சாயங்காலப் பூஜையோடு முடிந்துவிடும். அந்த அரை நாள் பசி கிருமிக்குப் போதவில்லை, என்சைம் குறைவாக வந்தது. பிரதோஷத்துக்கு முந்தின நாளிலிருந்தே ஒருபொழுது என்று குமாரசாமி அறிவித்ததும் அதுவும் சரியாயிற்று.

இதில் அடிபட்டது அவர் வயிறுதான். சக்ரவர்த்தி ஊரெல்லாம் அவருடைய உபவாசத்தைப் புகழ்ந்தது குமாரசாமியின் மனைவி கமலாட்சியின் காதுக்கும் எட்டியது. "நல்ல விசயந்தானே" என்று அவள் ஏகாதசியன்று அடுப்பே மூட்டுவதில்லை. பிரதோஷத்துக்கும் அப்படியே.

வஸ்திரம் நெய்து முடிந்து, உற்சவத்தில் பெருமாள் அதை உடுத்திக்கொண்டு வீதிக்கு வந்தார். குமாரசாமி கூட்டத்தில் சக்ரவர்த்திக்குப் பக்கத்தில் நின்றார். அத்தனை வருஷம் சோப்பு விற்றிருக்கிறார். அதில் அலசின பட்டு எங்கே போயிற்று என்று ஒருநாளும் போய்ப் பார்த்ததில்லை. அரக்கு நிறப் பட்டு தீபத்தில் அசைந்தது. கால்விரலில் எம்பி நின்று பார்த்தார்.

சக்ரவர்த்தி ஒரு சின்னப் பாத்திரத்தில் தீர்த்தம் வாங்கி அவரிடம் நீட்டினார். "தொட்டிக்கு. உள்ளே விடவேண்டாம், தெரியும். மேலே தெளிச்சாப் போறும்."

குமாரசாமி பாத்திரத்தின் வாயைக் கையால் மூடிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ஏனாத்தூர் போய்ச் சேர்ந்தார். அகிலா பாத்திரத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். ஸ்பிரிட் ஊற்றி இரண்டு கைகளையும் நன்றாகத் துடைத்துக்கொண்டு, தீர்த்தத்தை எடுத்துத் தொட்டியின் மேல் தெளித்தாள்.