பதினொன்றாம் குழாயின் வெண்ணெய்

பீர் குடிக்கிறவர்கள் மேல் லோர்னா டோர்கர்சனுக்கு ஒரு கோபமும் கிடையாது. குடித்துவிட்டு அதைப் பற்றிப் பேசுகிறவர்களைக் கண்டால்தான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஓ க்ளேர் ஊரிலும் அதைச் சுற்றியும் பீரைக் குழாயில் பிடித்துக் கொடுக்கிற ஒன்பது டேப்ரூம்களின் குழாய் வேலை அவள் கையில் இருந்தது. மொத்தம் நூற்று நாற்பத்துச் சொச்சம் குழாய்கள். பதினைந்து நாளைக்கு ஒருமுறை ஒவ்வொன்றையும் கழுவ வேண்டும். கடை திறப்பதற்கு முன்னால் போய், பீப்பாயைக் கழற்றி, சோடாக்காரம் கரைத்த காரத்தண்ணீரைக் குழாய்க்குள் சுற்றவிட்டு, வெந்நீரால் அலசி, குழாயின் வாயைத் தனியே பிரித்துத் தேய்க்கிற வேலை. யாரும் நன்றி சொல்லாத வேலை. ஒழுங்காகச் செய்தால் செய்ததே தெரியாது. அறுபத்தொரு வயதில் முட்டி போட்டு உட்கார்ந்து எழுந்தால் முட்டி சத்தம் போடும். அதையும் யாரும் கேட்பதில்லை.

அதற்கு முன் இருபத்திரண்டு வருஷம் புருஷன் வெர்ஜிலோடு மாட்டுப்பண்ணை. பால் ஓடுகிற குழாயை நாளைக்கு இரண்டு தடவை கழுவியவளுக்கு, பதினைந்து நாளைக்கு ஒருமுறை என்பது ஓய்வு மாதிரிதான். மாடுகளை விற்ற அன்று அவள் அழுவாள் என்று அக்கம்பக்கத்தார் கேக் சுட்டு எடுத்துக்கொண்டு வந்தார்கள். அவள் மத்தியானம் இரண்டு மணி வரை தூங்கினாள். எழுந்து அந்தக் கேக்கைச் சாப்பிட்டாள்.

பன்னிரண்டு குழாய்கள் உள்ள கோணல் மதகு என்ற டேப்ரூம் அவளுடைய செவ்வாய்க்கிழமைக் கடை. அதே நாளில்தான் சாயங்காலம் நாலு மணிக்குக் கோர்டி கூட்டமும் அங்கே கூடும். கோர்டி முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் வேதியியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். அவனுக்கு வலதுகை பல் டாக்டர் மார்வ். இன்னும் நாலைந்து பேர் தலையாட்ட வருவார்கள். கோர்டி ஒரு நோட்டு வைத்திருந்தான். குடிக்கிற ஒவ்வொரு பீருக்கும் அதில் ஐந்துக்கு இவ்வளவு என்று மார்க் போடுவான். மறுநாள் அது இணையத்தில் வரும். சனி, ஞாயிறு எந்தக் கடைக்குப் போவது என்று பாதி ஊர் அதைப் பார்த்துத்தான் முடிவு செய்தது.

ஏதாவது குழாய் ஒழுகுகிறது என்று சாயங்காலத்தில் கூப்பிட்டால் லோர்னா இவர்கள் பேச்சைக் கேட்டே தீர வேண்டும்.

"ஆத்தங்கரைக் கடையில ஊத்துற ஐபிஏ பூரா மாம்பழ ஜூஸுய்யா. போர்டுல மட்டும் பீர்னு எழுதியிருக்கான்," என்பான் கோர்டி.

"மாம்பழமா? எனக்குப் பைன் மரம்தான் வந்துச்சு," என்பான் மார்வ்.

"உனக்கு எதைக் குடிச்சாலும் பைன் மரந்தான் வருது. போய்க் காட்டுல படு."

"சரி, மெனோமினி பக்கம் புதுசா தொறந்திருக்கானே, அங்க அந்தக் கறுப்பு ஸ்டவுட்டு?"

"பான்கேக் சிரப்பைக் கொட்டி வெச்சிருக்கான். நான் பீர் குடிக்கப் போனேனா, காலை டிபன் சாப்பிடப் போனேனா?"

பார் மேடைக்கு அடியில் ஸ்பேனரோடு படுத்திருக்கும் லோர்னா கண்ணை மூடிக்கொள்வாள். இரண்டு மணி நேரம் இப்படியே போகும். அதற்குள் ஆளுக்கு ஒன்றரை கிளாஸ்தான் காலியாகியிருக்கும். ஒரு மாடு கூட தண்ணீரை இவ்வளவு நேரம் மோந்து பார்த்து அவள் கண்டதில்லை.

குளிர்காலம் தொடங்கியதிலிருந்து இந்தக் கூட்டம் வேறு எதையும் பேசுவதில்லை. கோணல் மதகில் பதினொன்றாம் குழாயில் ஊற்றிய லாகர் பீர் ஒன்றுதான் பேச்சு. காய்ச்சியவள் பா நியா சியோங், இருபத்தொன்பது வயசுப் பெண். அவளுடைய அப்பாவுக்கு மகள் பார்க்கிற வேலை இன்றுவரை பிடிபடவில்லை. அந்த லாகரில் வெண்ணெய் வாசம் வருகிறது, பீருக்குப் பேர்போன பொஹீமியாவில் பழைய நிலவறைகளில்தான் இப்படி வரும், இந்தக் காலத்தில் இதைச் செய்ய நெஞ்சில் துணிச்சல் வேண்டும் என்று கோர்டி ஐந்துக்கு நாலு புள்ளி ஒன்பது போட்டுவிட்டான். சுற்றியுள்ள மூன்று மாவட்டங்களிலிருந்தும் ஆட்கள் வந்து வெண்ணெய் குடித்தார்கள்.

கடை முதலாளி டுவேன் சும்மா இருப்பானா? அதே லாகரை டின்னில் அடைத்து விற்க ஆரம்பித்தான். டின்னில் வெண்ணெய் இல்லை. கோர்டி டின்னுக்கு இரண்டு புள்ளி ஒன்று போட்டான். ஊரே திட்டித் தீர்த்தது. ஏமாற்றுகிறார்கள், மலிவாகக் காய்ச்சுகிறார்கள், அந்தப் பெண்ணுக்குக் கைப்பக்குவம் இல்லை என்று ஆளுக்கு ஒன்று எழுதினார்கள். மறுபடி புதிதாகக் காய்ச்சியும் டாங்கில் வெண்ணெய் வரவில்லை. குழாயில் மட்டும் வந்துகொண்டே இருந்தது.

மார்ச் மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் லோர்னா வாளியும் பம்ப்புமாக உள்ளே நுழைந்தபோது டுவேன் பா நியாவிடம் கத்திக்கொண்டிருந்தான்.

"சனிக்கிழமை மில்வாக்கியிலருந்து பீர் காய்ச்சறவர் ஒருத்தர் வர்றாரு. குழாயில எப்படி வருதோ அப்படியே டின்லயும் வரணும். உன்னால ஆகலைன்னா அவரு காய்ச்சட்டும். நீ மூட்டையைக் கட்டு. இதுக்கு மேல எனக்குப் பேசத் தெரியல."

சொல்லிவிட்டு அவன் கதவை அறைந்துகொண்டு பேங்குக்குப் போய்விட்டான். பா நியா டாங்க் பக்கத்தில் தலைகீழாக வைத்திருந்த பக்கெட்டின் மேல் உட்கார்ந்தாள்.

"ஆன்ட்டி, எனக்கு என் நாக்கு மேலயே நம்பிக்கை போயிடுச்சு," என்றாள். "டாங்க்ல பார்த்தா நான் நெனச்ச மாதிரியே இருக்கு. குழாயில வேற என்னவோ வருது. குழாய் மேலதான் சந்தேகம்னு டுவேன்கிட்ட சொன்னேன். 'வாரா வாரம் நானே வெந்நீர் விடுறேன், உனக்கு பொஹீமியாவப் பத்தி என்ன தெரியும்?'னு கேட்டாரு. ஊரே ஒண்ணு சொல்லும்போது நான் ஒருத்தி மட்டும் எப்படி?"

"அதுக்கு என்ன பண்ணப் போறே?"

"இப்பப் புளிச்சிட்டிருக்கிற அடுத்த டாங்க பாதியிலேயே குளிர வெச்சிடலாம்னு இருக்கேன். ஈஸ்ட் வேலையை முடிக்கறதுக்குள்ள நிறுத்திட்டா வெண்ணெய் வாசம் உள்ளயே தங்கிடும்."

"வேகாத ரொட்டிய வேணும்னே அடுப்புலருந்து எடுக்கப் போறியா?"

"வேலை வேணுமே ஆன்ட்டி."

லோர்னாவுக்கு வந்த எரிச்சலில் கையிலிருந்த வாளியை 'டங்'கென்று கீழே வைத்தாள். பதினொன்றாம் குழாய் அவள் கணக்கில் கிடையாது. போன அக்டோபரில் புதுக் கூடம் கட்டியபோது டுவேன் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லிப் போட்ட குழாய் அது. பீட்சா அடுப்புக்கு மேலே கூரையோடு இருபதடி ஓடி வருகிறது. ஐந்து மாசமாக அவள் அதைத் தாண்டித்தான் போய்க்கொண்டிருந்தாள்.

நேரே போய் அதில் ஒரு வாய் பீர் பிடித்து மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். குடிக்கவே இல்லை. அந்த வாசம் அவளுக்கு இருபத்திரண்டு வருஷப் பழக்கம். ஆகஸ்ட் மாசத்தில் வெர்ஜில் பால் குழாயைக் கழுவ மறந்துவிட்டு மீன் பிடிக்கப் போன நாட்களில் பால் அறை முழுக்க இந்த வாசம்தான் அடிக்கும்.

குழாயின் வாயைக் கழற்றினாள். உள்ளே வெளுப்பாக, வழவழவென்று ஒரு பசை நகக் கனத்துக்கு அப்பியிருந்தது. பா நியா எட்டிப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இதையாடி இந்த ஊரு அஞ்சு மாசமா மோந்து மோந்து மார்க் போட்டுச்சு?" என்றாள் லோர்னா. அவள் கத்தியதில் சமையல் அறைக்காரன் வெளியே வந்து பார்த்துவிட்டு உள்ளே போனான்.

பசையில் ஒரு ஸ்பூன் அளவு சுரண்டி ஒரு டப்பா மூடியில் வைத்து மேலே இன்னொரு மூடியைக் கவிழ்த்தாள். பிறகு காரத்தண்ணீரை விட்டாள். டீ நிறத்தில் வந்தது. இன்னொரு முறை விட்டாள். மூன்றாவது முறைதான் விட்டது விட்டபடியே வந்தது.

"டுவேன் உங்கள இனிமே கூப்பிட மாட்டாரு," என்றாள் பா நியா.

"கூப்பிடலைன்னா போகட்டும். எனக்கு முட்டி வலியாவது குறையும்."

வழக்கமாக மத்தியானமே கிளம்பிவிடுகிறவள் அன்று பார் ஓரத்தில் காபியோடு உட்கார்ந்துகொண்டாள்.

நாலு மணிக்குக் கூட்டம் வந்தது. கோட்டைக்கூடக் கழற்றாமல் கோர்டி பதினொன்றில் ஒரு கிளாஸ் கேட்டு வாங்கினான். தூக்கிப் பிடித்தான், சுழற்றினான், மோந்தான். ஒரு வாய் குடித்தான். அவன் முகம் தொங்கிவிட்டது.

"போச்சு," என்றான். "கெடுத்துட்டாங்க. மார்வ், நீ பாரு."

மார்வ் குடித்தான். "ஒண்ணுமே இல்லையேப்பா இதுல."

"டின்னுல வந்தது இப்பக் குழாய்க்கும் வந்துடுச்சு. ஒரு நல்ல பீரை இப்படிக் கொல்றதுக்கு மனசு எப்படித்தான் வருதோ!"

டுவேன் ஓடி வந்தான். கிளாஸை வாங்கி ஒரு மடக்குக் குடித்தவன், எல்லார் முன்னாலேயும் பா நியா பக்கம் திரும்பினான். "என்ன பண்ணித் தொலைச்சே? சனிக்கிழமை வரைக்கும்கூட பொறுக்க முடியலையா உன்னால?"

லோர்னா எழுந்து வந்து மூடியைக் கோர்டியின் முன்னால் வைத்துத் திறந்தாள். "யோவ் கோர்டி, இத மோந்து பாரு."

அவன் குனிந்தான். கண்ணை மூடினான். நிதானமாக இழுத்தான். முகம் மலர்ந்தது.

"இதேதான்! இதத்தான் சொல்றேன் நான்! இது எந்தப் பீப்பாயி? டுவேன், இன்னும் மிச்சம் இருக்கா?"

மார்வும் மோந்து பார்த்தான். "ஆமாய்யா. அதே நிலவறை வாசம்."

"பீப்பாயும் இல்ல, நிலவறையும் இல்ல," என்றாள் லோர்னா. "காலையில பதினொன்னாம் குழாயோட தொண்டையிலருந்து நான் சுரண்டி எடுத்தது. அஞ்சு மாச அழுக்கு. மார்வ், பல்லுல இது படிஞ்சா ஊசிய வெச்சுச் சுரண்டிட்டுத் திட்டி அனுப்புவே. குழாயில படிஞ்சா பொஹீமியாவா?"

தலையாட்டிகளில் ஒருவன் தன் கிளாஸை மெதுவாகத் தள்ளி வைத்தான். மார்வ் நாக்கால் பல்லைத் துழாவிக்கொண்டிருந்தான். கோர்டியின் கழுத்து சிவந்து, அந்தச் சிவப்பு காது வரை ஏறியது.

"இல்ல லோர்னா, விஷயம் என்னன்னா," என்று ஆரம்பித்தான். "அந்தக் காலத்து மரப்பீப்பாயிலயும் நுண்ணுயிரி..."

"வாத்தியாரே, வாய மூடு."

டுவேன் அவள் முழங்கையைப் பிடித்து ஓரமாக இழுத்தான். குரலைத் தாழ்த்தினான். "கழுவுறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் இல்ல? அது பாட்டுக்கு ஓடிட்டிருந்துச்சு."

லோர்னாவுக்கு அழுகை வருகிற அளவுக்கு அலுத்துவிட்டது. இத்தனை வருஷம் முட்டியைத் தேய்த்தது இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்கத்தானா என்று தோன்றியது. "அப்ப மத்த பதினோரு குழாயையும் நீயே வெந்நீர் விட்டுக்கோ. ஊரே பொஹீமியா ஆகட்டும். அந்தப் பொண்ணு வேலைய மட்டும் இந்தப் பசைக்காகப் பறிக்காதே."

"சனிக்கிழமை வர்ற ஆளுகிட்ட நான் என்னத்தச் சொல்றது?" என்றான் டுவேன். யாரைக் கேட்கிறான் என்று அவனுக்கே தெரியவில்லை.

பா நியா பாருக்குப் பின்னாலிருந்து வந்து கோர்டியின் எதிரே நின்றாள்.

"டின்னுக்கு ரெண்டு புள்ளி ஒண்ணு போட்டீங்களே. மார்க்கு மட்டும்தான் இணையத்துல வந்துச்சு. நோட்டுல என்ன எழுதினீங்கன்னு கொஞ்சம் படிங்க."

"அது எதுக்கு இப்ப?"

"படிங்க சார்."

கோர்டி கண்ணாடியைத் தேடி மாட்டினான். பக்கங்களைப் புரட்டினான். தொண்டையைக் கனைத்துக்கொண்டு சின்னக் குரலில் படித்தான். "சுத்தமாக இருக்கிறது. உலர்ந்த பார்லி, கொஞ்சம் கசப்பு. குடித்ததும் ருசி மறைந்துவிடுகிறது. இன்னொரு கிளாஸ் கேட்கத் தோன்றுகிறது. அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை."

"ஏழு வாரம் நான் அந்த டாங்க் பக்கத்துல காத்திருந்தது இதுக்குத்தான்," என்றாள் பா நியா. "ஒரு லாகர்ல இதுக்கு மேல ஒண்ணுமே இருக்கக் கூடாது."

கெடுத்துவிட்டார்கள் என்று தான் சொன்ன அதே கிளாஸைக் கோர்டி எடுத்து, மோந்து பார்க்காமல், கடைசிச் சொட்டு வரை குடித்தான். பிறகு அந்த வெறும் கிளாஸை அவளிடம் நீட்டினான்.

டுவேன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, சனிக்கிழமை வர வேண்டாம் என்று சொல்ல மில்வாக்கி நம்பரைத் தேடியபடி வெளியே போனான்.