மழைக்கு அழ மறுத்த மயிலாத்தாள்

எங்கள் ஊரில் ஒப்பாரி என்றால் மயிலாத்தாள்தான். கோபிசெட்டிபாளையத்துக்கு மேற்கே, வாய்க்காலுக்குக் கீழே நெல்வயலும் மேலே மானாவாரிக் காடுமாகக் கிடக்கிற ஊர். மழை பொய்த்தால் மேட்டுக்காட்டுக்காரர்கள் வைக்கோலில் கொடும்பாவி கட்டி, பாடையில் வைத்துத் தெருத்தெருவாக இழுப்பார்கள். மயிலாத்தாள் முன்னால் நின்று மாரடித்து அழுவாள். அழுதால் வானம் இரங்குமாம். மழை பெய்தபின் அவளுக்கு ஒரு பிடி சோளம் கொடுத்தவன் எவனுமில்லை. அது கிடக்கட்டும்.

முப்பத்தாறாம் வருஷம் ஐப்பசி பிறந்தும் மழையில்லை. மேட்டில் சோளம் சுருண்டுவிட்டது. வாய்க்கால் தண்ணீரில் வளர்ந்த மயிலாத்தாளின் நெல்லோ அப்போதுதான் பூத்திருந்தது. புருஷன் செத்தபின் நிலக்காரர் பண்ணாடி திருமூர்த்தியின் வயலை, விளைச்சலில் பங்கு கொடுக்கிற வாரத்துக்குப் பிடித்து ஒண்டியாகப் பாடுபட்டாள். விளைச்சல் தவறினால் வயல் வேறு ஆளுக்குப் போய்விடும் என்று அவர் முன்னமே மிரட்டியிருந்தார்.

மேட்டுக்காட்டுக் காளிச்சாமி கொடும்பாவியோடு அவள் வாசலுக்கு வந்தான்.

"ஏனுங்கக்கா, வந்து அழுகோணுங்க."

"நெல்லு பூத்து நிக்குதப்பா. இப்ப மழை அடிச்சா பூவெல்லாம் கழுவிப்போட்டுப் போயிரும், பால் புடிக்காது. கொஞ்ச நாள் பொறுங்க, நானே வாரேன்."

"உங்க ஒரு வயலுக்காக ஊரே காயோணுமா?"

"ஏஞ்சாமி, இத்தன வருசத்துல எனக்காக நீங்க என்னத்தக் காஞ்சீங்க?" என்று கதவை அறைந்து சாத்தினாள்.

வேறு யாரையோ அழவைத்தார்கள். அந்த வாரமே மழை கொட்டியது. அதுவும் நெற்பூ வாய்திறக்கிற முற்பகலில், நாள் தவறாமல். காய்ந்த சோளமும் பிழைக்கவில்லை. நெற்கதிர்கள் தலை சாயாமல் விறைத்து நின்றன. உருவிப் பார்த்தால் அத்தனையும் பதர். அழ மறுத்தவளை மழை பழிவாங்கிவிட்டது என்று ஊர் பேசியது. பேசிய வாயில் மண் விழ!

அறுப்பு முடிந்ததும் பண்ணாடி களத்துக்கு வந்தார். மழையில் பூ கழுவிப்போனதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"ஊரோட சேந்து அழுதிருந்தா சாமி கண்ணத் தொறந்திருக்கும். தைக்கு வேற ஆளப் பாத்துட்டேன்."

மயிலாத்தாள் பதர்க்கதிர்களை ஒரு கட்டாகக் கட்டித் தலையில் ஏற்றிக்கொண்டு நடந்தாள். கொடும்பாவியை எரித்த இடத்தில் மூங்கில் பாடை கேட்பாரற்றுக் கிடந்தது. கதிர்க்கட்டை அதில் கிடத்தினாள். பட்டப்பகலில் தானே இழுத்துக்கொண்டு பண்ணாடி வாசலுக்குப் போனாள். முடியை அவிழ்த்துப்போட்டு, மாரடித்து ஆரம்பித்தாள். ஆள் உயிரோடு இருக்கிற வீட்டு வாசலில் பாடை! தெருவே திரண்டுவிட்டது.

பண்ணாடி வேட்டி தடுக்க ஓடிவந்தார்.

"அடியே, நிறுத்து! வயல நீயே வெச்சுக்க, மொதல்ல இதைத் தூக்கிட்டுப் போ!"

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"வயலுக்குச் சரிங்க பண்ணாடி. ஊருக்காகப் பொய்யழுகை எத்தனையோ அழுதேன், அப்பெல்லாம் யாரும் நிறுத்துன்னு சொல்லலீங்க. இது எந்நெல்லுக்கு. முழுசா அழுதுபோட்டுத்தான் எந்திரிப்பேன்."